வி.யு.டி என்றால் டெல்லியா, திருச்சியா? (வானொலி அழைப்புக்குறி எழுத்து விளையாட்டுகள்)

கொள்ளிடக்கரை:

வணக்கம் மக்களே. லால்குடி வீட்டுப் பரணை ஒழிக்கும்போது தாத்தாவின் நோட்டு ஒன்று அகப்பட்டது. ரயில்வேயில் தந்தி அடிக்கிற வேலை பார்த்தவர். 1941, 42 வாக்கில் ராத்திரி ரேடியோவைத் திருகி, எந்த ஊர் கிடைத்தது, என்ன ஓடியது, எப்படிக் கேட்டது என்று வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரே கிடையாது, எல்லாம் அழைப்புக்குறிதான் (ஒவ்வொரு வானொலி நிலையத்துக்கும் கொடுக்கிற அடையாள எழுத்துகள்). மாதிரிக்கு நாலு வரி (எழுத்துப்பிழை ஒன்றிரண்டை நானே திருத்திவிட்டேன்):

வி.யு.எம் – கச்சேரி – நன்று
வி.யு.டி 2 – செய்தி – சுமார்
வி.யு.பி – மராத்திப் பாட்டு போலும் – ஒரே இரைச்சல்
வி.யு.டி – நாகஸ்வரம் – மிக நன்று

எம் என்றால் மெட்ராஸ், அது புரிகிறது. இந்த வி.யு.டி டெல்லியா, திருச்சியா? இரண்டுக்கும் டி தானே வரும்? அப்படியே, இந்த மாதிரி நிலைய எழுத்துகளில் உங்களுக்குத் தெரிந்த வேடிக்கைகளையும் கொட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை, மழை, வேறு வேலை இல்லை.

பச்சைவால்வு:

தம்பி, நல்ல புதையல். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வி.யு. பன்னாட்டு ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்க எழுத்துகள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கிடைத்தது வி.டி.ஏ முதல் வி.டபிள்யூ.இசட் வரை. அதில் வி.டி விமானங்களுக்குப் போனது, வி.யு வானொலிக்கு வந்தது. அதன் பின்னால் ஊருக்கு ஓர் எழுத்து. உங்கள் தாத்தா எழுதிய வருடத்தில் அகில இந்திய வானொலிக்கு ஒன்பது நிலையம்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், லாகூர், லக்னோ, பெஷாவர், திருச்சி, டாக்கா. மெட்ராஸ் 1938 ஜூன் 16, திருச்சி 1939 மே 16. நாடு பிரிந்தபோது லாகூர், பெஷாவர், டாக்கா மூன்றும் அந்தப் பக்கம் போய்விட்டன.

இப்போது உங்கள் சிக்கல். ஆங்கிலத்தில் டெல்லியின் டி வேறு, திருச்சியின் டி வேறு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே டி. அதேபோல பம்பாயும் பெஷாவரும் ஒரே வி.யு.பி. நோட்டைத் தமிழில் எழுதியதால் வந்த வினை.

ஆனால் துப்பு இருக்கிறது. பின்னால் எண் ஒட்டியிருந்தால் அது சிற்றலை. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்குக்கும் சிற்றலை உண்டு, திருச்சிக்கு மத்திய அலை மட்டும். ஆகவே வி.யு.டி 2 டெல்லியேதான். மராத்திப் பாட்டு போட்ட வி.யு.பி பம்பாய். பெஷாவரில் யார் மராத்தி பாடப் போகிறார்கள்? நாகஸ்வரம் வாசித்த வி.யு.டியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

நெல்லை நையாண்டி:

நாகஸ்வரம் "மிக நன்று" என்று எழுதியபோதே தெரியவில்லையா? லால்குடிக்காரர் டெல்லிக்கு "சுமார்" தான் போடுவார். அலைவரிசை பார்க்க வேண்டாம், மார்க் போட்டதைப் பார்த்தாலே போதும்.

கொள்ளிடக்கரை:

@பச்சைவால்வு ஐயா, தீர்ந்தது போங்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. லாகூருக்கும் லக்னோவுக்கும் ஆங்கிலத்திலேயே எல் தானே வரும்?

பச்சைவால்வு:

லாகூர் 1937 டிசம்பரில் வந்து எல் எழுத்தைப் பிடித்துக்கொண்டது. லக்னோ 1938 ஏப்ரலில் வந்தது, அதற்கு வி.யு.டபிள்யூ. ஏன் டபிள்யூ? ஆங்கிலத்தில் லக்னோவின் கடைசி எழுத்து டபிள்யூ. இது என் ஊகம்தான், ஆனால் சும்மா அடித்துவிடவில்லை. அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி தொடங்கிய நிலையம் டபிள்யூ.ஜி.ஒய். ஜி கம்பெனிக்கு, ஒய் அந்த ஊர்ப் பெயரின் வால் எழுத்து. முதல் எழுத்து கிடைக்காவிட்டால் வாலைப் பிடிப்பது பழைய வழக்கம்.

டெல்லி டியை முந்திக்கொண்டதால் டாக்காவுக்கு வி.யு.ஒய் கிடைத்தது. அங்கே வால் கணக்கும் பொருந்தாது.

அயோவா அம்மாஞ்சி:

அமெரிக்கா என்றதும் வந்துவிட்டேன். பதினைந்து வருடமாக இங்கே டெ மாயின் நகரத்தில் இருக்கிறேன். வந்த புதிதில் ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்பும்போது காரில் ஏ.எம் ரேடியோ. மணி அடித்ததும் கனமான குரலில் "டபிள்யூ.ஹெச்.ஓ, டெ மாயின்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்கு இந்தச் சோளக்காட்டில் என்ன வேலை என்று முழித்தேன். மணிக்கொரு தடவை நிலையத்தின் எழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். 1930களில் அந்த நிலையத்தில் விளையாட்டு வர்ணனை செய்த ஒருவர் பிற்பாடு அதிபரே ஆனார், ரொனால்ட் ரீகன்.

பொது விதி இதுதான்: மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூ, மேற்கே கே. நாங்கள் மேற்கு. அப்படியானால் டபிள்யூ.ஹெச்.ஓ எப்படி? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் "அது அப்படித்தான்" என்றார்கள். நானாகத் தோண்டித் தெரிந்துகொண்டது: 1923 ஜனவரிக்கு முன்னால் கோடு மிசிசிப்பியில் இல்லை, இன்னும் மேற்கே இருந்தது. டெக்ஸாஸே அப்போது டபிள்யூ பக்கம். அதனால்தான் 1922இல் பிறந்த டபிள்யூ.பி.ஏ.பி, டபிள்யூ.எஃப்.ஏ.ஏ, சான் அன்டோனியோவின் டபிள்யூ.ஓ.ஏ.ஐ எல்லாம் கெளபாய் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு கிழக்கத்தி எழுத்தோடு திரிகின்றன. கோடு நகர்ந்தது, பழைய ஆட்களைப் பெயர் மாற்றச் சொல்லவில்லை. எங்கள் டபிள்யூ.ஹெச்.ஓ மட்டும் 1924இல் பிறந்த பிள்ளை. கோடு நகர்ந்த பிறகும் டபிள்யூ வாங்கிக்கொண்டது. எங்கேயும் சிபாரிசு உண்டு போல.

எதிர்ப்பக்கத்திலும் கூத்து இருக்கிறது. பிட்ஸ்பர்க் சுத்தமான கிழக்கு, ஆனால் அங்கே இருப்பது கே.டி.கே.ஏ. 1920 நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தல் முடிவைப் படித்துப் பேர் வாங்கிய நிலையம். அந்தச் சமயத்தில் கப்பல்களுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்த பட்டியலிலிருந்து அடுத்ததை எடுத்து நீட்டிவிட்டார்கள். கே.ஒய்.டபிள்யூ கதை இன்னும் மோசம். 1921இல் சிகாகோவில் பிறந்தது, 1934இல் பிலடெல்பியாவுக்குக் குடிபோனது, 1956இல் க்ளீவ்லாண்ட், 1965இல் மறுபடி பிலடெல்பியா. நாலு குடித்தனமும் கிழக்கிலேயே, எழுத்து மட்டும் கே!

நெல்லை நையாண்டி:

ஆற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்று எழுத்து மாறுவது நமக்குப் புதுசா அண்ணே? தாமிரபரணிக்கு வடக்கே போனால் அல்வா ருசியே மாறிவிடும்.

சரி, டபிள்யூவையும் கேவையும் எவன் தேர்ந்தெடுத்தான்? ஏ, பி என்று ஒழுங்காகக் கொடுத்திருக்கக் கூடாதா?

பச்சைவால்வு:

1912 வாக்கில் பிரித்தபோது அமெரிக்காவுக்கு முழுதாகக் கிடைத்தவை என் என்ற எழுத்தும் டபிள்யூவும். கேவில் ஒரு பகுதிதான், கே.டி.ஏவிலிருந்து தொடங்கும். அதற்கு முந்தைய கே.ஏ, கே.பி, கே.சி மூன்றும் ஜெர்மனிக்கு. கே.டி.கே.ஏ ஏன் கே.டியில் ஆரம்பிக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் என்ற எழுத்து கடற்படைக்குப் போனது.

இதில் மோர்ஸ் குறியீடு தெரிந்தவர்களுக்கு ஒரு ரசனை உண்டு. புள்ளியைக் குறில் என்றும் கோட்டை நெடில் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ = குறில், நெடில். கடைசியில் ஒரு நெடில் சேர்த்தால் டபிள்யூ.
என் = நெடில், குறில். கடைசியில் ஒரு நெடில் சேர்த்தால் கே.

தரைப்படைக்கு ஏ, கடற்படைக்கு என், அவற்றின் வாலை நீட்டிப் பொதுமக்களுக்கு டபிள்யூ, கே என்று ஒரு கதை சொல்வார்கள். கதைக்கு நான் பொறுப்பில்லை. எழுத்து பொருந்துகிறதா என்றால் கன கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்னொன்று: கப்பல்களுக்கு இதே விதியைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். அட்லாண்டிக் கப்பலுக்கு கே, பசிபிக் கப்பலுக்கு டபிள்யூ.

அயோவா அம்மாஞ்சி:

எழுத்துகளுக்கு விரிவு சொல்வதுதான் இங்கே பெரிய பொழுதுபோக்கு. சிகாகோவில் சியர்ஸ் கடைக்காரர்கள் நடத்திய டபிள்யூ.எல்.எஸ், "உலகத்திலேயே பெரிய கடை". அதே ஊரில் ட்ரிப்யூன் நாளிதழின் டபிள்யூ.ஜி.என், "உலகத்திலேயே சிறந்த செய்தித்தாள்". தன்னடக்கம் ஒழுகுகிறது. நாஷ்வில்லில் டபிள்யூ.எஸ்.எம் நடத்தியது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. "லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்" என்ற அவர்களுடைய விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள். நாட்டுப்புறப் பாட்டுக்கென்றே பேர் போன நிலையம், பெயரில் பாலிசி.

மினியாபொலிஸில் டபிள்யூ.சி.சி.ஓ, வாஷ்பர்ன் கிராஸ்பி கம்பெனி, மாவு மில். நியூயார்க்கில் டபிள்யூ.இ.வி.டி, சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் வி. டெப்ஸின் பெயர். சிகாகோவில் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கு டபிள்யூ.சி.எஃப்.எல். கடைக்காரன், பத்திரிகைக்காரன், தொழிலாளி மூன்று பேரும் ஒரே ஊரில், ஒரே டபிள்யூவில்.

ஆனால் எல்லாமே இப்படி வேண்டிப் பெற்ற எழுத்துகள் இல்லை. அட்லாண்டாவின் டபிள்யூ.எஸ்.பி வரிசையில் வந்து விழுந்த எழுத்து. "தெற்குக்கு நல்வரவு, சகோதரா" என்பது பிறகு கட்டிய சட்டை. பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.ஹெச்சுக்கு "கடவுள் ஹார்வர்டை ஆசீர்வதிப்பாராக" என்று மாணவர்கள் பொழிப்புரை எழுதுவார்கள். உண்மையில் அது கோபுரம் நின்ற கிரேட் ப்ளூ ஹில் என்ற குன்று, அவ்வளவுதான்.

கொள்ளிடக்கரை:

அப்படியென்றால் நம் விமானங்களில் இருக்கிற வி.டி "வைஸ்ராயின் பிரதேசம்" என்கிறார்களே? அடிமைச் சின்னம், மாற்ற வேண்டும் என்று நாடாளுமன்றத்தில்கூடப் பேசியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆகஸ்ட் 15 வந்தால் தவறாமல் வரும்.

பச்சைவால்வு:

அதுவும் அட்லாண்டாக்காரர் கட்டிய சட்டை மாதிரிதான். வியில் கனடாவுக்கு ஒரு துண்டு, ஆஸ்திரேலியாவுக்கு ஒரு துண்டு, நியூஃபவுண்ட்லாந்துக்கு ஒரு துண்டு, மற்ற காலனிகளுக்கு வி.பி முதல் வி.எஸ் வரை. அதற்கு அடுத்த துண்டு வி.டியில் தொடங்குகிறது, அது நமக்கு வந்தது. வரிசையில் நின்றவனுக்குக் கிடைத்த டோக்கன் நம்பர். பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதி வியில் இருந்தது காலனி வரலாறு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டி என்ற எழுத்தில் பிரதேசமும் இல்லை, வைஸ்ராயும் இல்லை.

இலங்கை சுதந்திரத்துக்குப் பிறகு வியை விட்டுவிட்டது. அங்கே விமானத்துக்கு 4 ஆர், ஹாம்களுக்கு (பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் பேசுகிறவர்கள்) 4 எஸ் 7. சிங்கப்பூருக்கு 9 வி, மலேசியாவுக்கு 9 எம். நாம் பழைய டோக்கனையே பத்திரமாக வைத்திருக்கிறோம். ஹாம் உரிமம் எடுத்தால் இன்றைக்கும் வி.யு 2 அல்லது வி.யு 3. அந்தமானுக்கு வி.யு 4, லட்சத்தீவுக்கு வி.யு 7. ராஜீவ் காந்தி ஹாம், அவருடைய குறி வி.யு 2 ஆர்.ஜி. ஜோர்டான் மன்னர் ஹுசேன் ஜே.ஒய் 1 என்று மூன்றே எழுத்தில் முடித்துக்கொண்டார். மன்னருக்கு மேலே யார் கேட்பது?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானில் வி.யு 4 ஆர்.பி.ஐ என்ற குறியில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அந்தமான் கிடைப்பது குதிரைக்கொம்பு, உலகமே அவரைப் பிடிக்க வரிசையில் நின்றது. 26ஆம் தேதி காலை கடல் வந்தது. அதற்குப் பிறகு பல நாள் அந்தக் குறியில் போனதெல்லாம் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்திதான்.

ஸ்கார்பரோ வாசி:

பச்சைவால்வு ஐயா சொன்ன நியூஃபவுண்ட்லாந்து வி.ஓ இன்னும் உயிரோடதான் இருக்கு. 1949 மார்ச்சிலதான் அது கனடாவோட சேர்ந்தது. கனடாவில நிலையங்கள் சியில தொடங்கும், ஆனா அங்க வி.ஓ.சி.எம், வி.ஓ.டபிள்யூ.ஆர் எண்டு பழைய பேரையே வைச்சிருக்கினம். வி.ஓவை "வொய்ஸ் ஒஃப்" எண்டு வாசிச்சு, "பொதுமனிதனின் குரல்" எண்டு விளக்கம் வேற. டோக்கன் நம்பரையே சொல்லாக்கிப் போட்டினம். ஓர் எழுத்து தள்ளிக் கிடைச்சிருந்தா என்ன செய்திருப்பினமோ தெரியாது.

இன்னொரு பகிடி. எங்கட அரச வானொலி சி.பி.சி. அதின்ர நிலையங்கள் பெரும்பாலும் சி.பியில தொடங்கும். ஆனா பன்னாட்டுப் பட்டியலில சி.பி கனடாவுக்கு உரியதே இல்லை, சிலி நாட்டுக்கு உரியது! சிலியோட பேசி வாங்கிப் பாவிக்கினம்.

டொரொண்டோவில சி.எஃப்.ஆர்.பி எண்டு ஒண்டு. ஆர்.பி எண்டால் "ரோஜர்ஸ் பேட்டரிலெஸ்". பேட்டரி இல்லாம வீட்டுக் கரண்டில ஓடுற ரேடியோப் பெட்டி விக்கத்தான் 1927இல நிலையமே தொடங்கினவை.

நெல்லை நையாண்டி:

பொட்டியை விக்க ஸ்டேஷனா! ஊறுகாய் விக்க ஹோட்டல் தொடங்கின மாதிரி.

மெல்பர்ன் மருமகள்:

இங்கே ஆஸ்திரேலியாவில் எண்தான் முதலில். 2 என்றால் நியூ சவுத் வேல்ஸ், 3 விக்டோரியா, 4 குயின்ஸ்லாந்து, 5, 6, 7 என்று போகும். பின்கோடின் முதல் எண்ணும் பெரும்பாலும் அதேதான், அதனால் எனக்குச் சட்டென்று மனப்பாடம் ஆகிவிட்டது. 4 க்யூ.ஜி குயின்ஸ்லாந்து அரசு, 6 டபிள்யூ.எஃப் மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிகள் நிறுவனம்.

எனக்குப் பிடித்தது சிட்னியின் 2 ஜி.பி. ஜி.பி என்றால் கிரேட் பிரிட்டன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, ஜியோர்டானோ புரூனோ. 1600இல் ரோமில் கொளுத்தப்பட்டாரே, அந்தத் தத்துவவாதி. 1926இல் நிலையத்தைத் தொடங்கியவர்கள் தியசாபிக்கல் சொசைட்டிக்காரர்கள். அவர்களுடைய தலைமையகம் எங்கே? நம் அடையாறு! ஆலமரத்தடிக்கு எத்தனை தடவை பிக்னிக் போயிருப்பேன்.

கொள்ளிடக்கரை:

அக்கா, இது அட்டகாசம்.

சரி, நானும் ஒரு புதிர் போடுகிறேன். நிலையத்தின் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் அது இருக்கும் ஊரின் பெயரே வர வேண்டும். எழுத்து கூட்டவோ குறைக்கவோ கூடாது. அமெரிக்கா. அம்மாஞ்சி அண்ணன் மட்டும் பதில் சொல்லக் கூடாது.

நெல்லை நையாண்டி:

கூகுள் பண்ணலாமா?

கொள்ளிடக்கரை:

கூடாது.

அயோவா அம்மாஞ்சி:

வாயைக் கட்டிப் போட்டதால் வேறு கணக்குக்குப் போகிறேன். முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கிற மாலைமாற்று: ஒமாஹாவில் டபிள்யூ.ஓ.டபிள்யூ இருந்தது. சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி டபிள்யூ.டி.டி.டபிள்யூ, "உலகத்துக்கு ஒரு ஜன்னல்" (இரண்டும் திருச்சி டி!). எழுத்து வரிசையின் கடைசி நாலும் அப்படியே டெட்ராய்ட்டின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். ராச்செஸ்டரின் டபிள்யூ.எக்ஸ்.எக்ஸ்.ஐ 21ஆம் சேனலில் வந்ததால் ரோமன் எண்ணில் 21. சான் டியேகோவில் கே.ஜி.பி, சோவியத் உளவுத்துறை 1954இல் அந்தப் பெயரை வைப்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அதே எழுத்து. மிச்சிகனில் நாலு டபிள்யூவே சேர்ந்து ஒரு நிலையம். அதை மணிக்கொரு தடவை சொல்ல வேண்டிய அறிவிப்பாளரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நாலெழுத்தில் மொத்தம் எத்தனை சாத்தியம் என்று போட்டுப் பார்த்தேன்: 26 × 26 × 26 × 2 = 35,152. மூன்றெழுத்து வெறும் 1,352. மூன்றெழுத்து நிலையம் என்றால் பழைய பணக்காரன் என்று அர்த்தம், இப்போது புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை. சின்ன எஃப்.எம் மறுஒலிபரப்பு நிலையங்களுக்கு எண்ணோடு வரும். டபிள்யூ 250 என்று ஆரம்பித்தால் அது 97.9. சேனல் 200 என்பது 87.9, ஒவ்வொரு சேனலுக்கும் 0.2 கூட்டிக்கொண்டே போனால் ஆயிற்று.

மெல்பர்ன் மருமகள்:

புதிருக்குப் பதில்: டெக்ஸாஸ், வேகோ. டபிள்யூ, ஏ, சி, ஓ. சரியா?

கொள்ளிடக்கரை:

சரி! மிசிசிப்பிக்கு மேற்கே இருந்தும் டபிள்யூ. அந்த ஊருக்கு கே கொடுத்திருந்தால் பெயரே போயிருக்கும்.

பச்சைவால்வு:

டி, பி குழப்பத்துக்குத் திரும்ப வருகிறேன், இது தமிழுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. இரைச்சலில் ஆங்கிலக்காரன் காதுக்கும் இரண்டு டியும் ஒன்றுதான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிக்னல்காரர்கள் ஒரு டிக்கு "டான்", இன்னொன்றுக்கு "டாக்", ஒரு பிக்கு "பீர்", இன்னொன்றுக்கு "பிப்" என்று வைத்துக்கொண்டார்கள். 1922இல் ரிட்டில் கிராமத்துக் குடிசையிலிருந்து மார்க்கோனி ஆட்கள் நடத்திய 2 எம்.டி நிலையத்தை "டூ எம்மா டாக்" என்றே அறிவிப்பார்கள். இப்போது நாங்கள் சொல்லும் டெல்டா, டாங்கோ, பிராவோ, பாப்பா பட்டியல் இன்றைய வடிவில் 1956இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மோர்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது. திருச்சி டி ஒரே ஒரு நெடில். டெல்லி டி நெடில், குறில், குறில். தந்தி அடித்த மனுஷன் இதில் ஏமாந்திருக்க மாட்டார். நோட்டில் வேறு ஏதாவது அடையாளம் வைத்திருக்கிறாரா பாருங்கள்.

நெல்லை நையாண்டி:

பெஷாவருக்கு "பாப்பா". கேட்கவே செல்லமாக இருக்கிறது.

கொள்ளிடக்கரை:

ஐயா, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்னையே இரண்டு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கிறது.

முதல் பதிவில் எழுத்துப்பிழையைத் திருத்தினேன் என்றேன் இல்லையா? நாகஸ்வரம் வருகிற வரியில் தாத்தா எழுதியிருப்பது வி.யு.டி இல்லை, வி.யு.ட்டி. ஒற்று போட்டு எழுதியிருக்கிறார். கை தவறியது என்று நினைத்து நான் எடுத்துவிட்டேன். இப்போது நோட்டு முழுக்கப் புரட்டினேன். கச்சேரி, நாகஸ்வரம், கொள்ளிடம் வெள்ளச் செய்தி, எல்லாம் வி.யு.ட்டி. இந்துஸ்தானி, ஆங்கிலச் செய்தி, எல்லாம் வி.யு.டி. ஓரிடத்தில்கூட மாறவில்லை. ஒற்று வந்தால் வல்லோசை, வராவிட்டால் மெல்ல. பாட்டி "பட்டம்", "படம்" சொல்கிற அதே வித்தியாசம்.

மெல்பர்ன் மருமகள்:

அட! தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. அப்படியானால் பி? வி.யு.ப்பி என்று எங்காவது இருக்கிறதா?

கொள்ளிடக்கரை:

அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் அக்கா. வி.யு.பி பதினோரு இடத்தில். வி.யு.ப்பி ஒரே ஒரு இடத்தில், 1942 ஜனவரி. பக்கத்தில் "பாஷை புரியவில்லை" என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டு, கேள்விக்குறியை மட்டும் அடித்திருக்கிறார்.

பச்சைவால்வு:

லால்குடியில் பெஷாவரா! தம்பி, அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்கள். எத்தனை மணி என்று குறித்திருக்கிறாரா, அதை முதலில் சொல்லுங்கள்.